பத்து நொடி

கறுப்புத் திரையில் ஒற்றை வரி:
அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை.

இருக்கிறதப்பா.
நேற்று ராத்திரி மூடும்போதுகூட அதற்குள்தான் இருந்தேன்.

சாஸ்கடூனில் மைனஸ் முப்பத்தொன்று.
கார் எஞ்சினுக்கு வயர் செருகியாயிற்று.
விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட கையோடு
நடுவில் ஒரு சுவர் எழுப்பியிருக்கிறது.
ஐந்து ஆறாகிவிட்டது.
பழைய கதவிலக்கத்தையே தட்டிக்கொண்டு நிற்கிறது
பூட்லோடர்.

ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.
தெரியாத ஃபைல் சிஸ்டம். தெரியாத ஃபைல் சிஸ்டம்.
ஆறில் அகப்பட்டது.
வழியைத் திருத்தி எழுதினேன்,
விசிறி இருமியது, லினக்ஸ் எழுந்தது.

மெனுவைப் புதிதாக எழுதச் சொன்னால்
கண்டது மூன்று என்கிறது.
நான் போட்டது இரண்டு.
மூன்றாவது இந்த லேப்டாப்பை
இருபதாம் தெரு அடகுக்கடையில் விட்டுப்போனவளுடையது.
பன்னிரண்டு வருஷத்து உபுண்டு,
பெயர்: டார்லீன் வீடு.

டார்லீன்,
எட்டு ஜிபிதான் அடைத்திருக்கிறாய்.
அழிக்க ஒரு வரி போதும்.
இந்த ஊரில் முதல் குளிர்காலம்
யார் யார் வீட்டு பேஸ்மென்ட்டிலோ கிடந்தவள் நான்.

மெனுவில் உன்னைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.
பத்து நொடி.
ஒன்பது, எட்டு,
அந்தக் கார் வயரைப் பிடுங்க வேண்டும்