பல்தேவதைக்கு உப்புத்தண்ணீர்

கிராண்ட் ஐலண்டில் ஒரு பல் மருத்துவர் விற்ற படகு.
பதினேழு அடி அலுமினியம், பின்னால் அறுபது குதிரை.
பக்கவாட்டில் ‘பல்தேவதை’ என்றிருந்ததை
வென்டல் ஒரு முழு ஞாயிறு சுரண்டினான்.
சாய்ந்த வெயிலில் இன்னும் தெரிகிறது,
நாக்கு தேடிப்போகும் காலியிடம் மாதிரி.

நெப்ராஸ்காவில் பிப்ரவரி.
வாசல்படியைக் காணோம், அத்தனை பனி.
சமையலறை மேசையில் விரித்தோம் டெக்சாஸ் கரையை.
சுருண்டு சுருண்டு எழுந்த தாளுக்கு
மூலைக்கொரு பாரம்:
உப்புக்குடுவை, மிளகுக்குடுவை,
அவன் ரத்த அழுத்த மாத்திரை,
நாலாவதாகச் சட்டைப்பையில் கிடந்த
ஏதோ ஒரு பித்தளைத் திருகு.

ஏரி எங்களுக்குப் பழக்கம்.
ஏரி வைத்த இடத்தில் இருக்கும்.
இதுவோ எழுந்து போகிறது, திரும்பி வருகிறது,
அதற்கென்று அச்சடித்த அட்டவணை வேறு.
ஓதம் ஏறும் நேரம், வற்றும் நேரம்
இரண்டையும் பாடம்போல ஓதினோம்.
‘ஏற்றத்துல சிவப்பு மீன் புல்லுக்குள்ள வரும்’ என்றான்.
படித்ததுதான். பார்த்ததுபோல் சொன்னான்.

பெட்ரோலில் ஒரு பங்கு போக,
ஒரு பங்கு வர,
மூன்றாம் பங்கு எங்கள் அசட்டுத்தனத்துக்கு.
அசட்டுத்தனத்தை அவன் பென்சிலால் குறைத்தான்.
நான் பேனாவால் கூட்டினேன்.

ரேடியோவில் ‘மேடே’ என்று மூன்று முறை சொல்லணுமாம்.
கொட்டகையில் நின்று சொல்லிப் பார்த்தான்.
நாய் ஓடி வந்தது.

மாலை நாலுக்குள் பேசாவிட்டால்
கடலோரக் காவலுக்குச் சொல்ல ஒரு சீட்டு,
லியோனா ஸ்வோபோடா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
தக்காளி விதை விலைப்பட்டியலுக்கு மேல்
காந்தத்தால் ஒட்டிவிட்டுக் கேட்டாள்:
‘நாய்க்கு எத்தனை மணிக்குச் சோறு?’

மிதவைச் சட்டை தபாலில் வந்தது.
மாட்டிக்கொண்டு நின்றோம் அடுப்பருகே.
என் வார் பொருந்தியது. அவன் தொப்பைக்கு எட்டவில்லை.
சிரித்துக்கொண்டே இழுத்துக் கட்டும்போது,
‘நல்லா இறுக்கு ஆர்லிஸ், எனக்கு நீந்தத் தெரியாது’ என்றான்.

முப்பத்தொரு வருஷம்.
எத்தனை ஏரி, எத்தனை விடியல்,
எத்தனை தடவை விளிம்பில் நின்று
ஒற்றைக் கையால் வலையை நீட்டியிருக்கிறான்.
உப்புக்குடுவையை எடுத்துத் திரும்ப வைத்தேன்.
அதற்குள் வளைகுடா ஒருமுறை சுருண்டு விரிந்தது.

வியாழன்தோறும் பள்ளி நீச்சல் குளம்.
ஏழு வயசுப் பிள்ளைகளின் வரிசைக் கடைசியில்
ஐம்பத்தொன்பது வயசுத் தோள்கள்.
முகத்தைத் தண்ணீரில் வைத்து அவன் எடுத்ததும்
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
நான் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஏப்ரல். ஆயிரம் மைல். வழியில் வெடித்தது ஒரு டயர்.
இறங்குதுறையில் கொடிகள் விறைத்து நின்றன.
தூண்டிலிரை விற்கும் ஹுயென்
ஈரக்கையோடு வெளியே வந்தாள்.
படகை முன்னும் பின்னும் பார்த்தாள்,
குனிந்தாள், ஒரே கேள்வி:
‘அடியில ஓட்டை இருக்கே, அடைப்பான் எங்கே?’

எங்கே.
வடக்கே, எங்கள் சமையலறை மேசையில்,
இந்தக் கடலையே பறந்துவிடாமல்
பிடித்துக்கொண்டிருக்கிறது அந்தப் பித்தளை.

நாலு டாலருக்குப் புதிது தந்தாள்.
காற்றைக் காட்டி, ‘இன்னிக்கு யாரும் போகல’ என்றாள்.
இழுவைவண்டியை விட்டு இறங்காத பல்தேவதைக்குள்
ஏறி உட்கார்ந்து ரொட்டி தின்றோம்.
கூழைக்கடா ஒன்று கடைசித் துண்டுவரை காத்திருந்தது.
உதட்டை நக்கினால் உப்பு.
நாங்கள் இன்னும் நனையவே இல்லை.

நாளை ஆறு நாற்பதுக்கு ஏற்றம்.
விடுதியில் விளக்கை அணைத்துவிட்டேன்.
குளியலறைக் கதவுக்கு அப்பால்
தொட்டியில் முகம் புதைத்து
மூச்சடக்கிப் பழகுகிறான்.
இந்தப் பக்கம் நான் எண்ணுகிறேன்.
பதினேழு.
பதினெட்டு.