டிராஃப்ட்

ரூவியில், சலவைக்கடைக்கு மேலே
மூன்றாம் மாடி ஏசி அறையில் இருந்துகொண்டு
மசீராத் தீவுக்குப் போகும் படகின் நேரத்தை
யார் வேண்டுமானாலும் மாற்றும்படி
ஒரு மென்பொருள் எழுதினேன்.
யார் வேண்டுமானாலும் என்றால்
மர்ஹூன்.

ஷன்னா துறையில் சீட்டுக் கிழிப்பவர்.
கடலை ஒரு தடவை முறைத்துவிட்டு
எந்தப் படகு கிளம்பும், எது கிளம்பாது என்பார்.
கணினிக்கு முன்னால் இரண்டு விரல் உழைக்கும்,
மற்ற எட்டும் வேடிக்கை பார்க்கும்.

அவருக்கு நான் கொடுத்தது
பதினேழு பொத்தான்,
நாலு பக்கமும் இழுபடும் பெட்டி,
முப்பத்தொரு எழுத்துரு.
முதலாளி கோஸ்வாமி எழுந்து நின்று கைகுலுக்கினார்.

ஜூலை ஒன்பது.
தென்மேற்குக் காற்று
மணலைக் கிள்ளிக் கிள்ளி முகத்தில் எறிந்த காலை.
படகு இல்லை.
மர்ஹூன் அதைச் சரியாகத்தான் தட்டியிருந்தார்,
பிழையில்லாத அரபியில்,
கூடவே ஒரு மன்னிப்பும்.
தளத்தில் மட்டும்
ஒன்பது மணிப் படகு
கிளம்பிக்கொண்டே இருந்தது.

துறையில் நாற்பது வண்டி.
பிக்கப்பில் ஆடுகள்.
மாத்திரை வாங்கி வீடு திரும்பும் ஒருத்தி
தாளுறையை மடியில் வைத்து, பிரித்து, மறுபடி மடித்து.
ஒருவரும் மென்பொருளைத் திட்டவில்லை.
மர்ஹூனைத்தான் திட்டினார்கள்.

போனில் நான் கேட்டதை
வெட்கத்தோடு எழுதுகிறேன்:
சரியான பொத்தானைத்தான் அழுத்தினீர்களா?

மறுநாள் கம்பெனி காரில் ஆறு மணி நேரம்.
அவர் நாற்காலிக்குப் பின்னால்
வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.
என் தொழிலில் இதைவிடக் கடினமான வேலை இல்லை.
அவர் சுட்டியைத் தப்பாக நகர்த்தும்போதெல்லாம்
என் வலது கை தானாகத் துடித்தது.

'டிராஃப்ட்' என்று நான் பெயர் வைத்த இடத்தில்
அம்புக்குறியை நிறுத்தினார்.
ஜன்னல் வழியே
கட்டிப்போட்ட படகைப் பார்த்தார்.
அதன் முகப்பில் வெள்ளை எண்கள்
ஒன்றன்கீழ் ஒன்றாக நீருக்குள் இறங்கிப்போயிருந்தன.
பக்கத்துப் பெட்டியில் தட்டினார்: 2.1
சேமித்தார்.
நிம்மதியாகச் சாய்ந்தார்.

"தினமும் கேட்கிறது, முஹந்திஸா.
நானும் தினமும் பார்த்துச் சொல்கிறேன்."

படகுக்காரருக்கு டிராஃப்ட் என்றால்
நீருக்கடியில் இருக்கும் ஆழம்.
எனக்கு, இன்னும் யார் கண்ணிலும் படாத எழுத்து.
யோசித்தால் இரண்டும் ஒன்றுதான்
என்று கவிதைக்குத் தோன்றும்.
நாற்பது வண்டிக்குத் தோன்றாது.

'கரையில்', 'கடலில்' என்று மாற்றிவிடட்டுமா?
கொஞ்சம் அழகாக இருக்கட்டுமே என்று கேட்டேன்.
மர்ஹூன் சிரிக்கவில்லை.
"படகு எங்கே நிற்கிறதென்று
ஜனங்கள் குழம்புவார்கள்."

அதற்குப் பிந்தைய மூன்று வாரமும்
எழுதியதைவிட அழித்ததே அதிகம்.
எழுத்துருக்கள் போயின, இழுபடும் பெட்டி போனது,
நான் இரவெல்லாம் விழித்து ஒட்டவைத்த
மங்கி மறையும் நிழல் போனது
(அதற்கு மட்டும் ஒரு நாள் துக்கம் காத்தேன்).
மிஞ்சியது ஒரு கேள்வி:
இன்று படகு உண்டா?
உண்டு. இல்லை.
கீழே, அவர் வாயால் சொன்னபடியே,
'இதை இன்னும் யாரும் பார்க்கவில்லை.'
அழுத்தினால்
'இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள்.'
ஓரத்தில், பத்து நிமிடத்துக்கு மட்டும்,
'திரும்ப எடுத்துக்கொள்.'

கோஸ்வாமி திரையை மேலும் கீழும் தேடினார்.
இவ்வளவுதானா? இதற்கா மூன்று மாதச் சம்பளம்?
ஆமாம் என்றேன்.

ஆகஸ்டில் ஒரு விடியல், நாலு நாற்பது.
தூக்கம் வராமல் பதிவேட்டைத் திறந்தேன்.
மர்ஹூன் 'இல்லை' என்கிறார்.
மூன்று நிமிடம் கழித்து எடுத்துக்கொள்கிறார்.
மறுபடி 'இல்லை'.
மறுபடி எடுத்துக்கொள்கிறார்.
நடுவில் எழுந்து வெளியே போய்
கடலைப் பார்த்துவிட்டு வருகிறார்போல.

பிறகு 'உண்டு'.
பத்து நிமிடம் காத்திருந்தேன்.
அது அப்படியே நின்றது.

ஜன்னலைத் திறந்தேன்.
ரூவியில் காற்றே இல்லை.
சலவைக்கடைக் கொடியில்
யாரோ ஒருவருடைய வெள்ளைத் திஷ்தாஷா
அசையாமல் தொங்கியது.