ஆறாம் பக்கம்

ஹார்லிங்கனில் தெருப்பக்கச் சன்னலுக்கு
நாங்கள் திரை போடுவதில்லை.
மாலையில் விளக்கைப் போட்டால்
நாற்காலி, புத்தக அலமாரி, இரண்டு ஆர்க்கிட் தொட்டி,
போகிறவர் வருகிறவர் பார்த்துக்கொள்ளலாம்.
மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்று பொருளாம்.
எங்கள் வீடுகளுக்குப்
பின்கட்டும் உண்டு.

பத்தொன்பது வருடமாக வெள்ளிக்கிழமைதோறும்
பத்திரிகையின் ஆறாம் பக்கத்தில் எழுதுகிறேன்.
கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம்,
நீர் வடிந்த சேற்றில் சிப்பி தேடும் பறவைகள்,
கால்வாய் நாமக்கோழி
மிட்டாய்த்தாளும் நைலான் கயிறும்
யாரோ கழற்றியெறிந்த முகக்கவசமும் வைத்து
நட்டநடு நீரில் கட்டிய கூடு.
முந்நூறு சொல். ஒன்று கூடினாலும்
கெர்லோஃப் வெட்டிவிடுவார்.

அவர்தான் கேட்டார் ஒருநாள்:
"உன் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் எழுதேன், ரிக்ஸ்ட்.
கடிதம் மேல் கடிதம் வருகிறது."

ஊர்வாயை மூட உலைமூடி தேடுவதைவிட
அந்த வாயில் எதையாவது ஊட்டிவிடலாம்.
ஒரு பூனையை ஊட்டினேன்.
சாம்பல் நிறம், இடது காதில் கிழிசல்,
மழை வந்தால் என் கத்தரிப் பாத்தியில் படுக்கும்.
"என் பூனை" என்று எழுதவில்லை. "பூனை" என்றேன்.
அந்த ஒரு சொல்லை விட்டதில்
எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

பூனைக்கு ரசிகர்கள் வந்தார்கள்.
ஃப்ரானெக்கரிலிருந்து ஒரு பெண்மணி
கம்பளிப் போர்வை பின்னி அனுப்பினார்.
மத்தி டப்பாக்கள் வந்தன.
என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.
நான்கு வருடம்
ஒரு பூனைக்குப் பின்னால் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு பால்வண்டி அதன்மேல் ஏறியது.
அதையும் எழுதினேன். எழுதாமல் விட்டால்
எங்கே பூனை என்பார்களே.
நாற்பத்தொரு இரங்கல் அட்டை.
அவற்றை வைத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.
வேலிக்கு மேலே நீட்டினேன்
பக்கத்து வீட்டு வீப்ரனிடம்.
பூனை அவருடையது.

நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார்.
மழை தூறியது, உள்ளே போகவில்லை.
"இத்தனை பேருக்குத் தெரியுமா அவனை?" என்றார்.
கோபமா, சந்தோஷமா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
என் கதவைப் பூட்ட
அவர் சாவியை எடுத்திருக்கிறேன் என்பது மட்டும்
அன்றிரவு தூக்கத்தில் புரண்டபோது உறுத்தியது.

அதற்குப்பின் பூனையும் இல்லை.
அலை, சேறு, பறவை.

போன மார்ச்சில் என் வீட்டில் ஒன்று நடந்தது.
என்ன என்று இதிலும் எழுதப்போவதில்லை.
அந்த வாரம் எழுதியது
நாமக்கோழி முட்டையைப் பற்றி.
ஒன்பது முட்டை என்று எழுதினேன்.
நீர் ஏறியது என்று எழுதினேன்.
அடுத்த நாள் எண்ணவில்லை என்று எழுதினேன்.
அவ்வளவுதான். எல்லாம் பறவையின் சமாச்சாரம்.
கெர்லோஃப் கைவைக்கவே இல்லை. இடம் மிஞ்சியதால்
மிதிவண்டி விளம்பரம் ஒன்று கீழே போட்டார்.

சனிக்கிழமை மீன்கடையில்
டுர்க் தராசைத் துடைத்தபடி சொன்னார்:
"இந்த வாரம் வாக்கியமெல்லாம்
குட்டை குட்டையாய் இருந்ததே."

"இடம் இல்லை" என்றேன்.

"ஆமாம். விளம்பரம் வேறு" என்றார்.

இருபது வருடத்தில் அந்த மனிதர்
யாருக்கும் முள் எடுத்துக் கொடுத்ததில்லை,
அமைச்சர் வந்தபோதும்.
வரிசையில் ஆறு பேர் நிற்க,
சின்ன இடுக்கியை எடுத்துக்கொண்டு
என் மீனின் மேல் குனிந்தார்.
ஒவ்வொரு முள்ளாக.
நிமிர்ந்து பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை. சுவரில்
கடல் ஏறும் நேர அட்டவணை இருந்தது,
எனக்கு மனப்பாடமானது,
அதைப் படித்துக்கொண்டு நின்றேன்.