மூன்று சகோதரிகள் வரவில்லை

கன்மோரில் ஐந்து நாளாய்ப் புகை.
நானூறு கிலோமீற்றர் மேற்கே
காடு எரிகிறதாம், வானொலி சொன்னது.
அழைப்பிதழில் பொன்னிறத்தில் அச்சடித்த மலைகள்,
மூன்று சகோதரிகள் என்று பெயர்,
மூவரில் ஒருத்திகூட
கலியாணத்துக்கு வந்து சேரவில்லை.

"அவையளுக்குக் காட் குடுக்க மறந்திட்டமோ?"
மாப்பிளையின் மாமா பகிடி விட்டார்.
எவரும் சிரிக்கவில்லை.
ஸ்காபரோவிலிருந்து அறுபத்தெட்டுப் பேர்,
விமானச் சீட்டு, விடுதி, வாடகை வான்
எல்லாம் அந்த மூவரின் முகத்துக்காக.

எனக்கும் கூலி மலையைச் சேர்த்துத்தான்.
விடிய நாலரைக்கு எழுந்து
ஆற்றங்கரைக் கூழாங்கல்லில் முக்காலியை ஊன்றி
லென்ஸைத் துடைத்தால் துணியில் சாம்பல்.
சூரியன் வெறுங்கண்ணுக்குக் கூசாமல்
தட்டில் உடையாத மஞ்சட்கருவாய்க் கிடக்கிறது.
கூறைச் சேலையின் சிவப்பு
திரையில் செங்கல் நிறமாய் விழுகிறது.
எதைத் திருகினாலும் செங்கல்தான்.

கல்கரியிலிருந்து ஐயர்
ஓமகுண்டத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.
பச்சைச் சீருடையில் ஒரு பெண் வந்து
சமித்து, நெய்ப் போத்தல், கற்பூரப் பெட்டி
ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள்.
செத்தவீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்,
நெருப்புத் தடை.
ஒரு குத்துவிளக்குமா?
ஒரு குத்துவிளக்கும்.

ஐயர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.
பிறகு யாரோ விடுதிக்கு ஓடி
சாப்பாட்டு மேசையிலிருந்த பற்றரி மெழுகுதிரியை
எடுத்துக்கொண்டு வந்தார்கள்.
குண்டத்தின் நடுவில் அது
தன்பாட்டில் சிமிட்டிக்கொண்டிருந்தது.
ஊரெல்லாம் புகை,
எங்களிடம் மட்டும் நெருப்பில்லை.

"அக்கினி சாட்சியாக" என்ற இடத்தில்
ஐயர் குண்டத்தைப் பார்க்கவில்லை.
தலையைத் தூக்கி
மேற்கே பார்த்தார்.

நிருஷாவின் பெரியக்கா வவுனியாவில்.
இரண்டு தரம் விசா மறுத்தாயிற்று.
அங்கே இரவு ஏழரை, இங்கே காலை எட்டு.
என் உதவிப் பெடியன் கைபேசியை
நெஞ்சுயரத்தில் ஏந்தி நிற்கிறான்,
சட்டகத்துக்குள் வராதே என்று
மூன்று தரம் அவனை ஏசியிருந்தேன்.

கஜரூபன் கொடியை எடுத்துக் கழுத்தருகே கொண்டுபோக
கைபேசிக்குள்ளிருந்து ஒரு கத்தல்:
"என்னடி இவ்வளவு புகை!
நெய்யை அண்டாவோட கவிட்டுட்டாரோ ஐயர்?"

முதலில் ஐயர் சிரித்தார்.
பிறகு மாமா. பிறகு பச்சைச் சீருடைப் பெண்ணும்,
ஏனென்று தெரியாமலே.
நிருஷா குனிந்த தலையோடு குலுங்கினாள்,
கண்ணால் ஓடியது.
சிரிப்பா, புகையா, மற்றதா,
கமராவுக்குத் தெரியாது. எனக்கும்தான்.
அழுத்தினேன்.

மத்தியானம் கஜரூபன் பக்கத்தில் வந்து நின்றான்.
"அக்கா, மலையைப் பிறகு போட்டுத் தருவீங்கள்தானே?"
தருவேன் என்றேன்.
என்னிடம் மலை இருக்கிறது.
போன செப்டெம்பரில், இதே கூழாங்கல், இதே நேரம்,
வேறொரு சோடிக்குப் பின்னால் நின்ற மலை,
உச்சியில் புதுப் பனியோடு.
அவர்கள் பிரிந்துவிட்டார்கள்.
அல்பம் யாருக்கென்று
வழக்கறிஞர் கடிதம் போட்டுக் கேட்டார்.

இரவு விடுதியில் மடிக்கணினியைத் திறந்து
ஒவ்வொருத்தியாய் வெட்டிக் கொண்டுவந்து நிறுத்தினேன்.
மூத்தவள் மாமாவின் தோளுக்குப் பின்னால்,
நடுவிலாள் தலைப்பாகைக்கு மேலே,
இளையவளைக் கொஞ்சம் சிறிதாக்கவேண்டி வந்தது.
மலையில் இடப்பக்க வெயில்,
பொம்பிளைக்கு நிழலே இல்லை.
நிழலும் ஒன்று செய்தேன்.
இருபத்துமூன்று படங்கள். முற்பணம் வாங்கியிருக்கிறேன்.

இருபத்துநாலாவதில்
பெடியனின் முழங்கை உள்ளே வந்துவிட்டது,
கைபேசியில் பெரியக்காவின் திறந்த வாய்,
பின்னால் ஆறும் இல்லை, கரையும் இல்லை,
கழுவின கோப்பை வெள்ளை.
முழங்கையை வெட்டப் போனேன்.
வெட்டவில்லை.

அடுத்த சனி தொபினோவில், கடலோரக் கலியாணம்.
மூடுபனி இருக்கலாம் என்கிறார்கள்.
பையைத் திறந்து வெயிலில் வைத்தும்
போகிறதாயில்லை
கலியாண வீட்டு மணம்.