இருபத்தைந்தும் ஒன்றும்

அதிகாலை ஐந்தே முக்காலுக்கு அஞ்சலகத்திலிருந்து அழைப்பு:
உங்கள் பெட்டி கத்துகிறது, சீக்கிரம் வாருங்கள்.
ஏப்ரல் கடைசி. வெர்மான்ட் மலைச்சாலையில்
இன்னும் பனிச்சேறு.
பெட்டியை மடியில் வைத்துக்கொண்ட க்வெண்டா
வழியெல்லாம் பேசவில்லை.
ஓட்டைகளில் விரலை விட்டிருந்தாள்,
உள்ளிருந்து கொத்திக்கொண்டே வந்தன.

இருபத்தைந்துக்குத்தான் காசு கட்டியிருந்தோம்.
எண்ணினால் இருபத்தாறு.
வழியில் ஒன்று போனால் ஈடுகட்ட
கூடுதலாக ஒன்று வைப்பார்களாம்.
சாவையும் சேர்த்துத்தான் கட்டி அனுப்புகிறார்கள்.
எதுவும் சாகவில்லை.

பெயர் வைப்பதில்லை என்பது ஒப்பந்தம்.
வைக்க நேரமும் இல்லை.
மூன்றாம் வாரமே சதை முந்திக்கொண்டது,
இறகு பின்னால் ஓடி வந்தது, எட்டவில்லை.
மார்பு வெறுமையாய், சிவந்து,
தீனித் தொட்டியோரம் படுத்தபடியே தின்றன.
கூண்டைத் தினமும் ஒரு கூண்டளவு நகர்த்துவேன்.
நகர்ந்த இடமெல்லாம்
சதுரம் சதுரமாய்க் கரும்பச்சைப் புல்.

ஆறாம் வாரம், இடி இடித்த மறுநாள்,
ஒன்று மல்லாந்து கிடந்தது.
இதயம் தாங்காது இந்த இனத்துக்கு, சகஜம்,
என்றார் ஓர்வில் திபோ, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.
சரி, கணக்கு நேராகிவிட்டது என்றேன்.
க்வெண்டா சிரிக்கவில்லை.

சனிக்கிழமை.
முந்தின இரவே தீனியை நிறுத்தியிருந்தோம்.
கூண்டைத் திறந்தபோது
இருபத்தைந்தும் கழுத்தை நீட்டி என்னையே பார்த்தன.
நான் வந்தால் சாப்பாடு வரும்:
எட்டு வாரத்தில் அவை கற்றது
அவ்வளவுதான். கற்றுக்கொடுத்தது நான்.

சாலைப் பணியிலிருந்து ஓர்வில் கொண்டுவந்த
ஆரஞ்சுக் கூம்பு,
நுனி அறுத்து, தலைகீழாய், கொட்டகைச் சுவரில்.
முதல் வெட்டு ஆழமாக விழவில்லை.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
மறுபடி கத்தி வைத்தேன்.
இடையில் எவ்வளவு நேரம் என்று
அவள் கேட்கவுமில்லை.
வெந்நீர் அண்டாவின் வெப்பமானியைப் பார்த்தபடி
நூற்று ஐம்பது, நூற்று நாற்பத்தெட்டு, நூற்று ஐம்பது
என்று சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஓர்விலின் இயந்திரம்
பழைய துணி துவைக்கும் தொட்டி,
உள்ளே முழுக்க ரப்பர் விரல்கள்.
பறவையைப் போட்டால்
அரை நிமிடத்தில் கடைச் சாமான் வெளியே வரும்.

கையை உள்ளே விட வேண்டியது என் முறை.
நுரையீரல் விலா எலும்பில் ஒட்டிக்கொள்ளும்,
சுரண்டித்தான் எடுக்கணும்.
ஐஸ் தண்ணீரில் விறைத்த விரல்களுக்கு
உள்ளே இருந்த சூடு
இதமாக இருந்தது. அதைத்தான்
இன்னும் என்னால் கழுவ முடியவில்லை.

பதினொன்றாவதின் அரைவைப் பையைப் பிளந்தால்
புல், மணல்,
மே மாதம் காணாமல்போன
என் சட்டையின் நீலப் பொத்தான்.

பதினான்காவதில் நான் சீட்டியடித்துக்கொண்டிருந்தேன்.
நிறுத்தினேன்.
பதினாறில் மறுபடி அதே மெட்டு.

அன்றிரவு டப்பா பீன்ஸ் தின்றோம், நின்றபடியே.
இறைச்சி இரண்டு நாள் குளிரில் கிடக்கட்டும்,
இல்லாவிட்டால் செருப்புத் தோல் என்று ஓர்வில் சொல்லியிருந்தார்.
கூலியாக ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார்,
பெரியதாகப் பார்த்து.

செவ்வாய்க்கிழமை அடுப்பில் ஒன்று.
உப்பு, வெண்ணெய், வேறெதுவுமில்லை.
நன்றாக இருந்தது.
நன்றாக இருக்காது என்று
எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தேன் போல.
எலும்பு வரை தின்றோம்.

அடுத்த வருடத்துக்கான படிவம் வந்திருக்கிறது.
இருபத்தைந்து என்று எழுதிவிட்டு
க்வெண்டா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்:
கூடுதல் ஒன்று வேண்டாம் என்று எழுத
எங்கேயும் இடமில்லை.

பொத்தானைத் திரும்பத் தைத்துக்கொடுத்திருக்கிறாள்.
கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.
காஜாவில் நிற்காமல்
நழுவிக்கொண்டே இருக்கிறது.