ஆனி முப்பத்திரண்டு

செக்காலை ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
எனக்கு வேலை அமெரிக்கத் தேதிகள்.
ஒஹாயோவில் ஒரு சின்ன வானொலி.
காலை ஆறு மணிக்கு அங்கே ஒருவர் வாசிக்க
வரலாற்றில் இன்று என்னவென்று எழுதித் தருகிறேன்.
நாளுக்கு மூன்று. ஒன்றுக்கு இருபத்தைந்து சொல்.
கூடினால் டெரில் வெட்டுவார்,
குறைந்தால் காசு வெட்டுவார்.

இன்றைக்கு ஜூலை பதினாறு.
சுவர்க் காலண்டரில் ஆனி முப்பத்திரண்டு,
முடிய மனமில்லாத மாதம்.

முதலாவது:
நாற்பத்தைந்து, நியூ மெக்சிகோ.
மழை விடக் காத்திருந்து, விடிவதற்குள்
முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள்.
பாலைவன மணல் உருகிப்
பச்சைக் கண்ணாடியானது.
இந்த அறைச் சன்னலிலும் பச்சைக் கண்ணாடிதான்,
ரங்கூன் பணத்தில் யாரோ கப்பலில் இறக்கியது.
மூன்று மணி வெயிலுக்கு என் கீபோர்டு
பாசி பிடித்த படித்துறை.
'பச்சை'யை எடுத்தால் கணக்கு சரியாகும்.
எடுக்கவில்லை. 'முதல்' என்பதை எடுத்தேன்.
பிறகு பயந்துபோய் மாற்றிப் போட்டேன்.

இரண்டாவது சுலபம்.
அறுபத்தொன்பது, ஃபுளோரிடா.
மூன்று பேர் நிலவுக்குக் கிளம்பினார்கள்.
கடற்கரை நெடுகக் கார்கள், கூடாரங்கள்,
லட்சம் கழுத்துகள் ஒரே பக்கம் நிமிர்ந்தன.
தேதி அதேதான். நெருப்பும்தான்.
இந்தத் தடவை கைதட்டினார்கள்.

மூன்றாவது, இன்னும் பழையது:
தலைநகருக்கு இடம் ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்து.
டெரிலுக்குப் பிடிக்கும்,
அதில் யாரும் சாவதில்லை.

முடிந்தது என்று நிமிர்ந்தால்
விரல் பாட்டுக்குத் தட்டியிருந்தது:
இரண்டாயிரத்து நான்கு. கும்பகோணம்.
தொண்ணூற்று நான்கு.

அன்று நான் புதுவயலில் மூன்றாம் வகுப்பு.
எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஏணியோடு ஆட்கள் வந்தார்கள்,
வகுப்புக் கீற்றை உருவி உருவி இறக்கினார்கள்.
வெயில் நேராகக் கரும்பலகையில் விழுந்து
எழுத்தே தெரியவில்லை.
அடைக்கலமேரிதான் கை தூக்கினாள்:
"டீச்சர், கூரை என்ன தப்பு செஞ்சுச்சு?"
டீச்சர் பதில் சொல்லாமல்
எங்களை எண்ண ஆரம்பித்தார்.
முப்பத்தெட்டு.
மறுபடியும் முப்பத்தெட்டு.
மணி அடித்த பிறகும்
வாசலை மறித்துக்கொண்டு எண்ணினார்.

நாலாவதை எண்ணிப் பார்த்தேன்.
இருபத்தைந்து சொல். ஒன்று கூடவில்லை, குறையவில்லை.
மேலே டெரிலின் பழைய குறிப்பு:
அமெரிக்க நிகழ்வுகள் மட்டும் போதும், நன்றி.

மூன்றை அனுப்பிவிட்டேன்.
ஒஹாயோவில் ஆறு அடிக்க இன்னும் அரை மணி.
கீழே ஜெராக்ஸ் மெஷினில்
யாருடைய ஆதார் அட்டையையோ
ஒரு பச்சை வெளிச்சம் தடவிக்கொண்டு போகிறது.

அழிக்கும் பொத்தான்மேல் விரல் இருக்கிறது.
நான் முதல் சொல்லிலிருந்து
மறுபடி எண்ணுகிறேன்.