தன்மைப் பன்மை

பதினாறு வருடம் என் வாய்க்குள் இருந்தார்
நீதிபதி மட்லைனா கஃப்லிஷ்.
"உங்களுக்கு நான்கு ஆண்டு விதிக்கிறேன்" என்று
பெல்லின்சோனாவில் தமிழில் சொன்னவன் நான்.
விதித்தவர் அவர்.
மொழிபெயர்ப்பாளனுக்கு 'அவர் சொல்கிறார்' என்பது கிடையாது,
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
கடத்தினவனுக்கும் நான்தான் 'நான்',
சட்டத்துக்கும் நான்தான் 'நான்'.
மணிக்கு இத்தனை பிராங்க், பயணப்படி தனி.

அவரைப்பற்றித் தெரிந்தது கொஞ்சம்.
அதிலும் பாதி கோப்பி மெஷினடியில் கேட்டது.
எங்கடீனில் பிறப்பு. அப்பா மஞ்சள் தபால் பஸ் ஓட்டுநர்.
மலைப்பாதையில் அவர் அடிக்கும் மூன்று சுர ஹாரனை வைத்து
எந்த வளைவு என்று வீட்டிலிருந்தே சொல்வாராம் பிள்ளை.
வீட்டில் ரொமான்ஷ். அந்த மொழியில்
ஒரு தீர்ப்பும் எழுதியதில்லை அவர்.
ஃப்ரிபூர்கில் சட்டம், சூரில் எழுத்தர், பிறகு மாவட்ட நீதிபதி,
இடையில் ஒரு விவாகரத்து (அவருடையது),
பிறகு நாடாளுமன்றம் வாக்களித்து இங்கே.

தீர்ப்பு வாசிக்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி
முகம் கீழாக மேசையில் வைப்பார்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

கள்ளநோட்டு வழக்கு ஒன்று.
பீல் நகரக் கடைக்காரர் குலவீரசிங்கம்
காலை முழுக்க நாங்கள், நாங்கள் என்றார்.
நாங்கள் கடையில் வைச்சிருந்தம், நாங்கள்தான் மாத்தினம்.
அந்த நாங்களுக்குள் மனைவியா, மச்சானா,
பீல் நகரம் முழுக்கவா,
யாருக்கும் விளங்கவில்லை.
பின்னேரம் சாட்சிக் கதிரையில் பழைய பங்காளி வந்து இருந்தார்.
அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாக:
"நாம் செய்ததுக்கு நான் மட்டுமோ?"
ஜெர்மனில் சொன்னேன். வியர்.
காலையில் சொன்ன அதே வியர்.

பேனா நின்றது.
"மன்னிக்கவும். காலையில் அது வேறு ஒலி."

தமிழில் ஒரு சொல் தெரியாது அந்தக் காதுக்கு.
எழுந்து நின்று விளக்கினேன்:
ஒன்று, கேட்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும்.
மற்றது கையைப் பிடித்து உள்ளே இழுக்கும்.
எங்கள் பேச்சில் இரண்டும் கலந்துபோகும் என்பதையும் சொன்னேன்,
சொல்லத்தானே வேண்டும், சத்தியம் செய்தவன்.
சாட்சி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு சொல்லுக்கு நாற்பது நிமிடம்.

பிறகு பங்காளியும் குற்றவாளி ஆனார்.
பதினொரு மாதத்தில் லௌசானிலிருந்து வந்தது ரத்து.
ஒரு மனிதனின் சுதந்திரத்தை
ஒரு பிரதிப்பெயரில் தொங்கவிடலாகாது என்று,
மிக நாகரிகமான பிரெஞ்சில்.
கோப்பி மெஷினடியில் அதை நாலாக மடித்தார்.
"அவர்கள் சொல்வது சரி."
சீனி போட்டார். கலக்கினார்.
"நான் கேட்டதும் சரி."

அதன்பின் அவர் பேனா நிற்கும்போதெல்லாம்
என் அடிவயிறும் நின்றது.

கடைசி நாள் வழக்கு சின்னது. கடிகாரம் கழன்றது. விடுதலை.
விடுதலையானவர் என் இரண்டு கையையும் பிடித்து அழுதார்,
"ஐயா, நீங்கள்தான்" என்று.
நானில்லை, அந்த அம்மா என்று திரும்பிக் காட்டினேன்.
கதிரை வெறுமையாக இருந்தது.

ஸ்டேஷனுக்கு முன்னால் மழை. மூன்று கோட்டையும் தெரியவில்லை.
தோளில் துணிப்பை, அதிலிருந்து எட்டிப்பார்த்தது
கதவிலிருந்து கழற்றிய பெயர்ப்பலகை.
நான் சூரில் இருப்பது அவருக்குத் தெரியாது.
பதினாறு வருடம், தெரியாது.

"நமக்கு..."
இல்லை, அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:
வியர். ஒரே பஸ். போலிருக்கிறது.

சம்பளமில்லாத நேரம், கேட்பதற்கு யாருமில்லை.
ஆனாலும் பழக்கத்தில்
இரண்டு சொல்லும் நாக்கின் நுனிக்கு வந்து நின்றன,
ஒன்றை விழுங்கும்வரை அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன்.

எங்கோ ஹாரன் அடித்தது.
"ஏழு நிமிடம் பிந்தி" என்றார்,
மணிக்கட்டைப் பார்க்காமல்.